நகைப்பும் சான்றும்: ‘வெண்பனிச் சொற்கள்’ கட்டுக்கதையும் மொழியியலாரின் எள்ளலும்

ஆய்வுச்சுருக்கம்

எஸ்கிமோ மக்களின் மொழியில் வெண்பனியைக் குறிக்க நூற்றுக்கணக்கான சொற்கள் உள்ளன என்னும் கூற்று, இருபதாம் நூற்றாண்டில் பாடநூல்களிலும் இதழ்களிலும் ஐயத்திற்கு இடமற்ற செய்தியாக வழங்கிவந்தது. 1911இல் நான்கு சொற்களாகத் தொடங்கிய இக்கூற்றின் வளர்ச்சியை லாரா மார்ட்டின் 1986இல் ஆய்வுக்கட்டுரையாலும், ஜெஃப்ரி புல்லம் 1989இல் எள்ளல் கட்டுரையாலும் வெளிப்படுத்தினர். ஆய்வுலகில் எள்ளல் சான்று கேட்கும் கருவியாகப் பயன்பட்டதையும், அந்த எள்ளலே சான்றின்றி எடுத்தாளப்பட்டபோது எதிர்க்கட்டுக்கதை ஒன்று உருவானதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

முதன்மைச் சொற்கள்: எள்ளல், அங்கதம், மொழியியல் வரலாறு, மேற்கோள் நெறி, இனூயிட் மொழிகள், வோர்ஃப், புல்லம்.

முன்னுரை

மொழியைப் பற்றிய ஆராய்ச்சி நகைப்புக்கு இலக்காவது புதிதன்று. கி.மு. 423இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் ‘மேகங்கள்’ நாடகத்திலேயே, சொற்களின் பால்பாகுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியராகச் சாக்ரடீசு கேலி செய்யப்படுகிறார். அங்கு நகைப்பவர் நாடக ஆசிரியர், நகைக்கப்படுபவர் அறிஞர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. மொழியியலாரே தம் துறையின் பழக்கவழக்கங்களை எள்ளி எழுதலாயினர்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைக்கிறது. செய்யுளியல், அங்கதத்தைச் செம்பொருள் எனவும் பழிகரப்பு எனவும் இருவகையாகப் பகுக்கிறது. வெளிப்படையாகப் பழித்துரைப்பது முன்னது. பழியை மறைத்துக் கூறுவது பின்னது. மொழியியலாரின் எள்ளல் எழுத்துகளையும் இவ்விரு வகைகளில் அடக்கிக் காணலாம். அவ்வெழுத்துகளுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஆய்வுலகில் எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கவில்லை என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

மொழியியலுக்குள் எள்ளல் மரபு

1960களின் பிற்பகுதியில், சோம்ஸ்கியின் மாற்றிலக்கணக் கோட்பாட்டிலிருந்து கிளைத்த ஆக்கமுறைப் பொருண்மையியலார் தம் கட்டுரைகளில் வேடிக்கையான எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தாராளமாகக் கையாண்டனர். அவர்களுள் முதன்மையானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்காலி. அவர் ‘குவாங் ஃபுக் டோங்’ என்னும் புனைபெயரில், ஹனோய் நகரில் இருப்பதாகக் கற்பித்துக்கொண்ட ஒரு நிறுவனத்தின் ஆய்வாளராகத் தம்மைக் காட்டிக்கொண்டு, ஆங்கில வசைத்தொடர்களின் தொடரியலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நடை முழுவதும் ஆய்வு நடை. பொருளோ சபையில் சொல்லத்தகாதது. ஆயினும் எழுவாய் வெளிப்படாத அத்தொடர்கள் ஏவல் தொடர்களினின்று வேறுபட்டவை என்னும் அதன் வாதம் மெய்யான இலக்கண வாதமே. 1971இல் மெக்காலிக்கு நண்பர்கள் வழங்கிய எள்ளல் தொகுப்பு நூலிலும் இத்தகைய எழுத்துகள் இடம்பெற்றன. ஆய்வு நடையைப் போர்வையாகக் கொண்ட இவற்றைப் பழிகரப்பு அங்கதத்தின் பாற்படுத்தலாம்.

1983இல் தொடங்கப்பட்ட ‘நேச்சுரல் லாங்குவேஜ் அண்ட் லிங்குவிஸ்டிக் தியரி’ என்னும் ஆய்விதழில் ஜெஃப்ரி புல்லம் எழுதிவந்த பத்தி இம்மரபின் தொடர்ச்சியாகும். 1989 வரை வெளிவந்த இப்பத்தியில் துறையின் ஆரவாரங்களையும் மேற்கோள் காட்டுவதில் உள்ள மெத்தனத்தையும் அவர் வெளிப்படையாகவே சாடினார். இது செம்பொருள் அங்கதம். அப்பத்திக் கட்டுரைகளுள் ஒன்றே வெண்பனிச் சொற்கள் பற்றியது.

நான்கு நூறான கதை

செருமனியில் பிறந்து அமெரிக்க மானிடவியலின் முன்னோடியாக விளங்கிய பிரான்ஸ் போவாஸ், 1883–84இல் பாஃபின் தீவில் இனூயிட் மக்களிடையே களப்பணி செய்தவர். 1911இல் வெளிவந்த அமெரிக்க இந்திய மொழிகளின் கையேட்டுக்கு அவர் எழுதிய முன்னுரையில் நான்கு சொற்கள் இடம்பெறுகின்றன. தரையில் கிடக்கும் வெண்பனி ‘அபுட்’. விழுந்துகொண்டிருக்கும் வெண்பனி ‘கனா’. காற்றில் அடித்துச் செல்லப்படுவது ‘பிக்சிர்பொக்’. காற்றால் குவிந்த மேடு ‘கிமுக்சுக்’.

இங்குப் போவாஸ் சொற்களை எண்ணிக் காட்ட முற்படவில்லை. ஏரி, ஆறு, மழை, பனித்துளி, அலை, நுரை எனத் தண்ணீரின் பல நிலைகளுக்கு ஆங்கிலம் தனித்தனி வேர்களைக் கொண்டுள்ளது. வேறொரு மொழி இவை யாவற்றையும் ஒரே வேரிலிருந்து ஆக்கிக்கொள்ளக்கூடும். அதுபோன்றதே வெண்பனிக்கான சொற்களும் என்பது அவர் கருத்து. அதாவது, ஆங்கிலமும் இனூயிட் மொழியும் இவ்வகையில் ஒரு தரத்தன என்று காட்டவே அவ்வெடுத்துக்காட்டு எழுந்தது.

1940இல் பெஞ்சமின் லீ வோர்ஃப் இதனை வேறொரு நோக்கில் எடுத்தாண்டார். தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே மொழியாராய்ச்சியில் ஈடுபட்ட அவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ‘டெக்னாலஜி ரிவியூ’ இதழில் எழுதிய கட்டுரையில் வெண்பனியின் ஐந்து நிலைகளைச் சுட்டி, அவற்றை ஒரே சொல்லால் குறிப்பதை எஸ்கிமோ ஒருவரால் எண்ணிப்பார்க்கவே இயலாது என்னும் பொருள்பட உரைத்தார். அச்சொற்களின் வடிவத்தையும் தரவின் மூலத்தையும் அவர் தரவில்லை. போவாஸ் ஒப்புமை காட்டிய இடத்தில் வோர்ஃப் வேற்றுமை கண்டார். மொழியே உலகப் பார்வையை வடிவமைக்கிறது என்னும் கருதுகோளுக்கு இவ்வெடுத்துக்காட்டு ஏற்றதொரு சான்றாக அமைந்துவிட்டது. 1956இல் வோர்ஃபின் கட்டுரைகள் நூலாகத் தொகுக்கப்பட்டபின் அது மேலும் பரவியது.

அதன்பின் எண்ணிக்கை எழுதுவோரின் விருப்பத்திற்கேற்ப மாறியது. 1958இல் ரோஜர் பிரௌன் தம் நூலில் மூன்று என்றார். லான்ஃபோர்ட் வில்சனின் 1978ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் அது ஐம்பதாயிற்று. 1984 பிப்ரவரி 9ஆம் நாளிட்ட நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் நூறாகியது. அதே ஆண்டில் கிளீவ்லாந்து நகரத் தொலைக்காட்சியின் வானிலை அறிக்கையில் இருநூறாக உயர்ந்தது. இக்காலப்பகுதியில் வெண்பனி மிகவில்லை, மேற்கோள்களே மிகுந்தன.

மார்ட்டினின் மறுப்பு

இவ்வளர்ச்சியை முதன்முதலில் முறையாகத் தடம் பிடித்தவர் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மானிடவியலாளர் லாரா மார்ட்டின். 1982இல் அமெரிக்க மானிடவியல் கழகக் கூட்டத்தில் அவர் இதனை ஆய்வுரையாக வழங்கினார். 1986இல் ‘அமெரிக்கன் ஆந்த்ரோபாலஜிஸ்ட்’ இதழில் அது சில பக்கங்களே கொண்ட சிறு கட்டுரையாக வெளிவந்தது. போவாஸ் முதல் பாடநூல்கள் வரை ஒவ்வொரு கண்ணியாகப் பின்தொடர்ந்து, யாரும் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பதை அவர் நிறுவினார். ஆய்வாளர் தமக்கு வாய்ப்பான எடுத்துக்காட்டை ஐயுறுவதில்லை என்பதே அவர் சுட்டிய குறை.

மார்ட்டினின் கட்டுரை நிதானமானது, சான்றுகள் நிறைந்தது. எனினும் வகுப்பறைகளிலும் இதழ்களிலும் பழைய கூற்றே நடமாடியது. தவற்றை நிறுவுதல் வேறு, அதனை வழக்கிலிருந்து நீக்குதல் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

புல்லத்தின் எள்ளல்

1989இல் புல்லம் எழுதிய ‘எஸ்கிமோ சொல்வளப் பெரும்புரட்டு’ என்னும் பொருள்படும் கட்டுரை, மார்ட்டினின் ஆய்வையே அடித்தளமாகக் கொண்டது. அக்கடப்பாட்டைப் புல்லம் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, மார்ட்டினை வீரராகவே போற்றுகிறார். புதிய தரவுகள் சிலவே, புதியது நடையாகும். தாள் நிரம்ப ஏளனம் செய்தபின் அவர் படிப்போருக்கு ஒரு பணியையும் இடுகிறார். யாரேனும் மேடையில் இக்கூற்றைச் சொன்னால் எழுந்து நின்று, 1927ஆம் ஆண்டின் சுல்ட்ஸ்-லோரன்ட்ஸன் மேற்குக் கிரீன்லாந்து மொழி அகராதியில் பொருத்தமான வேர்கள் இரண்டே உள்ளன என்று கூறுமாறு அவர் வேண்டுகிறார். அவை ‘கனிக்’, ‘அபுட்’ என்பன.

அவருடைய வாதத்தின் உட்கரு இதனினும் ஆழமானது. ஒருவேளை அம்மக்களுக்கு வெண்பனிச் சொற்கள் பல இருந்தாலும் அதில் வியப்பதற்கு என்ன உள்ளது என்று வினவுகிறார் புல்லம். குதிரை வளர்ப்போர் குதிரை வகைகளுக்கும், தாவரவியலார் இலை வடிவங்களுக்கும், அச்சுத் தொழிலாளர் எழுத்துரு வகைகளுக்கும் பல பெயர்களைக் கையாள்கின்றனர். அவற்றை வைத்து அவர்களுடைய உலகப் பார்வையே வேறென்று எவரும் நூல் எழுதுவதில்லை. தொலைவிலுள்ள மக்களைப் பற்றியெனில் மட்டும் அற்பமான செய்தியும் அதிசயமாகிவிடுகிறது.

1991இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் இப்பத்திகளை நூலாக்கியபோது, இக்கட்டுரையின் தலைப்பே நூலின் தலைப்பாயிற்று. அதற்கு மெக்காலி முன்னுரை எழுதினார் என்பது மேற்சுட்டிய மரபுத் தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

‘சொல்’ என்பது யாது?

எண்ணிக்கையின் மீதான பூசலில் அடிப்படை வினா ஒன்று பலராலும் கைவிடப்பட்டது. எண்ணப்படும் ‘சொல்’ எது என்பதே அவ்வினா. தமிழில் மரம் என்னும் பெயர் மரத்தை, மரத்தால், மரத்திலிருந்து, மரங்களிலிருந்தும் எனப் பல வடிவங்களைப் பெறுகிறது. இவற்றையெல்லாம் எண்ணித் தமிழர்க்கு மரத்தைக் குறிக்கப் பல சொற்கள் உண்டென எவரும் கூறார். இனூயிட், யூப்பிக் மொழிகளில் ஒட்டுகள் இதனினும் பன்மடங்கு பெருகி, ஒரு முழுத்தொடரின் பொருளையும் ஒரே சொல் தாங்கும். அவ்வடிவங்களை எண்ணினால் வெண்பனிக்கு மட்டுமன்றி, எப்பொருளுக்கும் சொற்கள் எண்ணிலவாகும்.

இதனை உணர்ந்த ஆந்தனி உட்பரி, 1991இல் ஸ்டீவன் ஜேக்கப்சனின் யூப்பிக் அகராதியை (1984) அடிப்படையாகக் கொண்டு வடிவங்களை விடுத்துச் சொல்லன்களை மட்டும் எண்ணி, ஏறத்தாழப் பதினைந்து எனக் கண்டார். ஆங்கிலத்திலும் வெண்பனி தொடர்பான சொல்லன்கள் பல உண்டு என்பதையும் பட்டியலிட்டுக் காட்டினார். நூறு என்பதும் இரண்டு என்பதும் ஒருசேர வலுவிழந்தன.

எள்ளலின் மறுபக்கம்

புல்லத்தின் கட்டுரை பெற்ற வெற்றியே அதன் குறையையும் வெளிப்படுத்தியது. முதலாவது, ‘புரட்டு’ என்னும் தலைப்புச் சொல். புரட்டு என்பதற்கு ஏமாற்றும் நோக்கம் வேண்டும். போவாசிடமோ வோர்ஃபிடமோ அத்தகைய நோக்கம் இருந்ததாகக் காட்ட இயலாது. நிகழ்ந்தது கவனக்குறைவின் தொடர். இரண்டாவது, கட்டுரையின் நுட்பங்கள் உதிர்ந்து அதன் நகைப்பு மட்டும் கைமாறியது. ‘எஸ்கிமோ மொழியில் வெண்பனிக்குத் தனிச் சொல்வளமே இல்லை’ என்னும் எதிர்க்கூற்று, பழைய கூற்றைப் போன்றே மூலம் பாராமல் சொல்லப்படலாயிற்று.

2010இல் இகோர் குருப்னிக், லுட்கர் முல்லர்-வில்லே ஆகியோர் போவாசின் களச் சொற்பட்டியலுக்கே திரும்பினர். அதனை வெவ்வேறு இனூயிட், யூப்பிக் மொழிகளின் தரவுகளோடு ஒப்பிட்டு, வெண்பனி, கடற்பனிக்கட்டி ஆகியவை பற்றிய சொல்வளம் மெய்யானதே என வாதிட்டனர். பனிக்கட்டியின் மேல் நடந்து வேட்டையாடுவோர்க்கு அவ்வேறுபாடுகளை அறிதல் உயிர்ப்பாதுகாப்பு ஆகும். நூறு என்றோரும் இரண்டு என்றோரும் பெரும்பாலும் அம்மொழி பேசுவோரைக் கேட்கவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

2016இல் டெரி ரெஜியர் குழுவினர், வெண்பனிக்கும் பனிக்கட்டிக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழிகள் பெரும்பாலும் வெப்பமான நிலப்பகுதிகளில் பேசப்படுகின்றன என்று பன்மொழித் தரவுகளால் காட்டினர். தமிழில் பனி என்னும் சொல்லே மார்கழிப் பனித்துளியையும் மூடுபனியையும் இமயத்து வெண்பனியையும் குறிக்கின்றமை இப்போக்குக்கு இயைந்ததாகும். இக்கட்டுரையும் ‘வெண்பனி’ என அடைகொடுத்தே பேச வேண்டியதாயிற்று. ஆக, சொல்வளத்திற்கும் சூழலுக்கும் உறவுண்டு என்னும் எளிய கருத்து, மிகையும் கேலியும் அடங்கிய பின்னரே அளந்து ஆராயத்தக்க பொருளாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. மார்ட்டினின் நிதானமான கட்டுரை சான்றை நிறுவியது; அதனைத் துறையின் பொதுநினைவில் பதித்தது புல்லத்தின் எள்ளலே. எனவே எள்ளலை ஆய்வுக்குப் புறம்பான பொழுதுபோக்கெனத் தள்ளுதல் பொருந்தாது, ‘மூலம் எங்கே?’ என்று கேட்கும் துணிவைப் படிப்போர்க்கு அது வழங்கியது. ஆனால் எள்ளல் சான்றுக்கு மாற்றாகாது. நகைப்புக்குரியது என்பதனாலேயே ஒரு கூற்று பொய்யாகிவிடுவதில்லை; வியப்புக்குரியது என்பதனாலேயே மெய்யாகிவிடுவதும் இல்லை. மேலும், போவாசை மேற்கோள் காட்டுவோர் 1911ஆம் ஆண்டு முன்னுரையைத் திறந்து பார்த்தல் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது புல்லத்தை மேற்கோள் காட்டுவோர் அவர் அடித்தளமாகக் கொண்ட மார்ட்டினையும், அவருக்குப் பின் எண்ணிப்பார்த்த உட்பரியையும் படித்தல். எள்ளியவரின் கூற்றும் சரிபார்க்கப்பட வேண்டிய கூற்றே என்பது இவ்வரலாறு உணர்த்தும் ஆய்வு நெறியாகும்.