நிலக்கரி வாயுவும் கந்தகச் சுத்தியும்

கந்தகத்தைச் சுத்தி செய்யாது மருந்திற் சேர்க்கலாகாது என்பது நம் சித்த வைத்தியர் வகுத்த விதி. நிலக்கரியிலிருந்து பெறும் வாயுவையோ கந்தகம் நீக்கியே பயன்படுத்தல் வேண்டும். இதற்கென மேனாட்டார் இருநூறு ஆண்டுகளாக முயன்ற வரலாறு திருக்கோணமலை மக்களாகிய நாமும் அறியத்தக்கது.

1812-இல் இலண்டனில் வாயுக் கம்பனி தோன்றிற்று. காற்றுப் புகாது சூடாக்கிய நிலக்கரியின் வாயு தெருவிளக்குகளை எரித்தது. ஆயின், அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டும் உடன்வந்தது. அதனைச் சுண்ணாம்பிற் பிடித்தனர். வாயு தூய்மையாயிற்று, கழிவுச் சுண்ணாம்போ அயலை நாறச் செய்தது. 1849 அளவில் இரும்பொட்சைட்டு வழக்கிற்கு வந்தது. கந்தகமேறிய அதனைக் காற்றிற் பரப்பினால் மீண்டும் பயன்படும். கந்தகம் அதனிடையே தங்கும். ஈற்றில் அது கந்தக அமிலம் செய்வோருக்கு விற்கப்பட்டது.

இவை குளிர்ந்த வாயுவுக்குரிய முறைகள். இக்காலத்தில் நிலக்கரியை மிகுந்த வெப்பத்தில் வாயுவாக்கிச் சுழலிகளை ஓட்டி மின்சாரம் பெறுகின்றனர். கந்தகம் நீக்குவதற்கென அவ்வாயுவை 40 பாகை சதமளவுக்குக் குளிர்வித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு வீணாகும். ஆதலின் சூடு தணியுமுன்னரே கந்தகத்தைப் பிடிக்கத் துத்தநாகவொட்சைட்டை நாடினர். கடும் வெப்பத்தில் துத்தநாகம் ஆவியாயிற்று. தைத்தானியம் சேர்த்து அதனை நிலைப்படுத்தினர். பலமுறை பயன்பட்டால் மணிகள் பொடியாதல் மற்றொரு தொல்லை. 2014-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள போல்க் மின்னிலையத்தில் இத்தகைய முறை பெருமளவிற் சோதிக்கப்பட்டது. அங்கும் மணிகளைக் காற்றால் மீட்கும்போது கந்தகவீரொட்சைட்டு வெளிவரும்; அதனையும் பிடித்தாகவேண்டும்.

இனி நம்மூருக்கு வருவோம். கொட்டியாரக் குடாவின் தென்பால் உள்ள சம்பூர் மக்கள் 2006-இல் போரால் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டிலேயே திருக்கோணமலை மாவட்டத்தில் அனல் மின்னிலையம் அமைக்க இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டன; சம்பூர் அதற்குரிய இடமாயிற்று. அங்கே நிலக்கரியை வாயுவாக்காது நேரே எரிக்கவே எண்ணினர். கந்தகத்தைப் புகையிற்றான் பிடித்திருக்கவேண்டும். மக்கள் எதிர்த்தனர், 2016-இல் திட்டம் கைவிடப்பட்டது. 2025-இல் அவ்வூரிற் சூரிய மின்னிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

கந்தகம் அழிவதில்லை, இடமே மாறுகின்றது. வாயுவிலிருந்து சுண்ணாம்புக்கும், மணியிலிருந்து காற்றுக்கும் அது பெயர்ந்த கதையே மேலே கண்டது. நாளை எவரேனும் நம் துறைமுகக் கரையில் உலையொன்று மூட்ட வந்து, “கந்தகத்தை நீக்கிவிடுவோம்” என்பாராயின், “நீக்கி எங்கே வைப்பீர்?” என்று வினவுவோமாக. அவ்வினாவை எழுப்புமளவு விஞ்ஞானம் கற்றல் இளைஞராகிய நம் கடன்.