ராஜாஜியும் மூன்று படி அரிசியும்

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு. இப்படிப்பட்ட ஆலைகளைப் பெரிதாக்க ஒரு காலத்தில் டில்லியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். 1951-ம் ஆண்டுச் சட்டம் அப்படி. இதை 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்று சாடிய ராஜாஜி, தொழிலில் அரசு தலையிடக் கூடாதென்று 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார்.

ஆனால் 1967 தேர்தலில் அவர் கைகோத்தது யாருடன்? ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவோம் என்ற தி.மு.க.வுடன்! மலிவு அரிசிக்கும் அவர் கொள்கைக்கும் என்ன சம்பந்தம்? முதலில் காங்கிரஸை இறக்க வேண்டும் என்பது ராஜாஜியின் கணக்கு.

கணக்கு பலித்தது. சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி போனது. 1962-ல் 6 இடங்களே பெற்ற சுதந்திரா 20 இடங்களைப் பிடித்தது. ஆனால் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் ஒழிந்தது 1991-ல்தான். அதற்குள் ராஜாஜியும் இல்லை, கட்சியும் இல்லை.

எதை எதிர்ப்பது என்று கொள்கை சொல்லிவிடும். யாருக்கு ஓட்டு என்பதை அந்தந்தத் தேர்தல்தான் சொல்கிறது.