மொஸ்கோ உடன்படிக்கை

கொடுங்கோலரசோடு குடியாட்சி நாடுகள் உடன்பாடு பேசுதல் தகுமோ என்னும் வினா, அவ்வரசு அணுக்குண்டும் உடையதாயின் வேறு வடிவம் பெறுகின்றது. 1956இல் ஹங்கேரியரின் கிளர்ச்சியைக் கவச வாகனங்களால் நசுக்கிய சோவியற் அரசு, 1961இல் பேர்லின் மதில் எழுதற்கும் துணைநின்றது. அவ்வாண்டே ஏறத்தாழ 50 மெகாதொன் வலுவுள்ள குண்டொன்றை வெடித்துக் காட்டிற்று. மறு ஆண்டு கியூபா நெருக்கடி மூண்டது. அத்தகைய அரசோடுதான் கென்னடியின் அமெரிக்காவும் மக்மில்லனின் பிரித்தானியாவும் பேசின.

வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகிய மூவிடத்தும் அணுச்சோதனையை விலக்கும் உடன்படிக்கை 1963 ஓகஸ்ட் 5ஆம் நாள் மொஸ்கோவிற் கைச்சாத்தாயிற்று. நிலத்தடிச் சோதனை விலக்கப்பட்டிலது. பிறநாட்டு ஆய்வாளர் தன் மண்ணில் எத்தனைமுறை நுழையலாம் என்பதிற் சோவியற் அரசு இணங்காமையே அதற்குப் பெருங்காரணம்; மூடிய ஆட்சியொன்று அந்நியர் கண்ணுக்கு அஞ்சியதில் வியப்பில்லை. எனவே, எல்லைக்கு வெளியே நின்றே கண்டறியக்கூடிய வெடிப்புக்களோடு உடன்படிக்கை அமைந்தது. எதிரியின் வாய்ச்சொல்லை நம்பவேண்டிய தேவை இதனால் நீங்கிற்று. அமெரிக்க செனற் சபையும் 80 வாக்குகளுக்கு 19 என அதனை ஏற்றது.

பேர்லின் மதில் 1989 வரை நின்றது. பிரான்சும் சீனாவும் ஒப்பமிடவில்லை. நிலத்தடிச் சோதனைகளோ தொடர்ந்தன. ஆயினும், புல்லிற் படிந்து, பசுப்பாலின் வழியே குழந்தைகளின் எலும்பிற் சேர்ந்துவந்த ஸ்ரொன்சியம் 90 பின்வந்த ஆண்டுகளிற் குறைந்தது.