மின்கம்பியைத் தேடிய அரங்கும் மின்சாரம் ஈன்ற அரங்கும்: சென்னை, கோவைத் திரையரங்குகளின் தொடக்கக் காலம்

தமிழ்நாட்டுச் சினிமா வரலாற்றில் படங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அந்தப் படங்களைத் திரையில் விழச்செய்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். நிரந்தரத் திரையரங்கு எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த ஆண்டில் எழுந்தது என்பதற்கான விடையில் பாதி மின்வழங்கலின் வரலாற்றில் இருக்கிறது. சென்னையில் மின்கம்பி முதலில் வந்தது. திரையரங்கு அதைத் தேடிப் போனது. கோவையில் திரையரங்கு முதலில் வந்தது. மின்சாரம் அதற்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது. இவ்விரு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் படம் காட்டுவது பெரும்பாலும் ஊர் ஊராகப் போகும் தொழிலாக இருந்தது. மின்சாரம் இல்லாத இடங்களில் சுண்ணாம்பு விளக்குதான் கைகொடுத்தது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரியும் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின்மேல் பாய்ச்சினால் அது வெண்மையாகச் சுடர்விடும். ஹைட்ரஜன் கிடைக்காதபோது ஈதர் ஆவியைப் பயன்படுத்தினார்கள். 1897 மே 4 அன்று பாரிஸ் அறச்சந்தை ஒன்றில், படக்கருவியின் ஈதர் விளக்கிலிருந்து கிளம்பிய தீ 126 பேரைப் பலிகொண்டது. அக்காலப் படச்சுருளும் எளிதில் பற்றிக்கொள்ளும் நைட்ரேட்டால் ஆனது. கூடாரத் துணி, நைட்ரேட் சுருள், வாயுச் சுடர் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திருந்த தொழில் அது. மின்சாரம் இந்தத் தொழிலுக்குக் கூடுதல் வெளிச்சத்தோடு பாதுகாப்பையும் தந்தது.

சென்னைக்கு இதில் ஒரு முன்னிலை இருந்தது. 1895 மே 7 அன்று இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், லண்டனில் பதிவுபெற்ற மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் நகரத்துக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அதன் நிலக்கரி மின்நிலையம் பேசின் பிரிட்ஜில் அமைந்தது. தனியார் நிறுவனம் என்பதால், காசு கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர் இருக்கும் பக்கம்தான் கம்பி முதலில் நீளும். ஐரோப்பியக் கடைகளும் ஹோட்டல்களும் நிறைந்த மவுண்ட் ரோடு அப்படிப்பட்ட தெரு.

திரையரங்குகளின் தேதிகளையும் இடங்களையும் இதன்மேல் வைத்துப் பாருங்கள். 1911இல் பிராட்வேயில் திருமதி க்ளக் என்பவர் நடத்திய பயாஸ்கோப் சில மாதங்களில் மூடப்பட்டது. 1913இல் வார்விக் மேஜர் மவுண்ட் ரோட்டில் ‘எலக்ட்ரிக் தியேட்டர்’ தொடங்கினார். அதே தெருவில் லிரிக் அரங்கும் படம் காட்டியது. 1914 வாக்கில் புகைப்படக் கலைஞர் ரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கைக் கட்டினார். நகரில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் திரையரங்கு அது. பின்னர் தங்கசாலைத் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் எனத் தொழிலை விரித்தார். எஸ்பிளனேடு கூடாரங்களில் அலைந்த தொழில் சில ஆண்டுகளில் செங்கல் கட்டடத்துக்குள் குடியேறியது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. படங்கள் நீண்டன, விநியோகம் ஒழுங்குபட்டது, பார்வையாளர் பெருகினர். ஆனால் ஒவ்வொரு மாலையும் தவறாமல் கிடைக்கும் மின்சாரம் இல்லாமல் தினசரிக் காட்சி என்ற வணிகமே நிற்காது என்பது என் முடிவு.

இந்த இடத்தில் படம் காட்டும் அறைக்குள் சற்று நுழையவேண்டும். அங்கே எரிந்தது கார்பன் விளக்கு. இரு கார்பன் குச்சிகளின் முனைகளைத் தொடவைத்துச் சற்றே விலக்கினால், இடைவெளியில் மின்வில் எழும். நேர்மின்னோட்டத்தில் நேர்முனைக் கார்பனில் ஒரு சிறு குழி உண்டாகும். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் அந்தப் புள்ளியில் குவியும். படக்கருவியின் வில்லைக்கு அப்படிக் குவிந்த ஒளிதான் வேண்டும். நேர்முனை வேகமாகத் தேயும் என்பதால் அதைப் பருமனாகச் செய்வார்கள். மாறுமின்னோட்டத்திலோ ஒளி இரு முனைகளுக்கும் பங்காகிவிடும், வில் ரீங்கரிக்கும், திரையில் துடிப்புத் தெரியும். தேயும் கார்பனைக் கையால் நகர்த்தி நகர்த்தி இடைவெளியைக் காப்பது ஆபரேட்டரின் வேலை. கண் அயர்ந்தால் திரை மங்கும். அக்கால ஆபரேட்டரின் திறமை அந்தச் சிறு இடைவெளியில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. மின்விலுக்குத் தேவை ஏறத்தாழ 50 வோல்ட். தெருக்கம்பியில் வருவது 220 வோல்ட் அளவில் இருந்தால், மீதியை மின்தடையில் வெப்பமாக எரித்துத் தீர்க்கவேண்டும். அரங்குக்காரர் கட்டிய மின்கட்டணத்தில் பெரும்பங்கு இப்படி வீணானது. சொந்த டைனமோ வைத்திருப்பவர் தேவையான குறைந்த மின்னழுத்தத்திலேயே உற்பத்தி செய்துகொள்ளலாம். கம்பி வராத ஊரில் சொந்த எஞ்சின் வைப்பது வேறு வழியில்லாத ஏற்பாடு மட்டுமல்ல, கணக்கறிந்த ஏற்பாடும்கூட.

கோவைக்கு வருவோம். கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் குன்றி ஊர் திரும்ப நேர்ந்தபோது, அவருடைய படக்கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார், வேலையை விட்டார். ஏசுவின் வாழ்க்கைப் படத்தோடு கூடாரம் கட்டி ஊர் ஊராகப் போனார். தமிழகத்தைத் தாண்டி வடஇந்தியா, பர்மா வரை அவருடைய பயணம் நீண்டது. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். பின்னாளில் அது டிலைட் ஆனது. தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான்.

அந்தக் கோவையில் சென்னையைப் போன்ற பொது மின்வழங்கல் இல்லை. வின்சென்ட் தம் அரங்குக்குத் தாமே மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டார். அதே மின்சாரம் சுற்றுப்புறத் தெருவுக்கும் விளக்கேற்றியது என்றும், மின்சாரத்தில் இயங்கிய அச்சகத்தையும் மாவு மில்லையும் அவர் நடத்தினார் என்றும் கோவை வரலாற்றை எழுதியோர் பதிந்திருக்கிறார்கள். இவற்றைப் பல தொழில்களில் கைவைத்த ஒருவரின் ஆர்வமாக மட்டும் பார்ப்பது போதாது. மின்சாரத் தொழிலின் தர்க்கம் இதில் வெளிப்படுகிறது. படக்காட்சி மாலையிலும் இரவிலும்தான். எஞ்சின் பகலெல்லாம் சும்மா நிற்கும். பகலில் அச்சும் மில்லும் ஓடினால் எஞ்சினுக்குப் போட்ட முதல் திரும்பிவரும். சென்னையில் டிராமும் விளக்கும் ஒரு பெரிய மின்நிறுவனத்துக்குச் செய்துகொடுத்ததை, கோவையில் ஒரு திரையரங்கு உரிமையாளர் சின்ன அளவில் தமக்குத் தாமே செய்துகொண்டார். தமிழகத் தொழில் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

அரசு இத்துறைக்குள் வந்தது சட்டத்தின் வழியாக. 1918ஆம் ஆண்டுச் சினிமட்டோகிராஃப் சட்டம் படத்தணிக்கையோடு அரங்கின் பாதுகாப்பையும் உரிமத்தோடு கட்டியது. சென்னை போன்ற மாகாணத் தலைநகரில் காவல் ஆணையரும், பிற இடங்களில் மாவட்ட மாஜிஸ்திரேட்டும் உரிமம் தருவோர் ஆனார்கள்.

அடுத்த திருப்பம் மலையிலிருந்து வந்தது. 1929இல் வேலை தொடங்கிய பைகாரா நீர்மின் திட்டம் 1932இல் உற்பத்தியைத் தொடங்கியது. நீலகிரியின் சரிவில் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து விழும் நீர், கோவை ஆலைகளுக்கு மலிவான மின்சாரம் ஆனது. 1937இல் மேட்டூர் மின்சாரமும் சேர்ந்தது. மின்தடங்கள் ஈரோடு, திருச்சி, மதுரை என நீண்டன.

அந்த நேரம் திரையரங்குக்கு மிகப் பொருத்தமான நேரம். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானது. ஊமைப்படத்துக்கு மின்சாரம் பெரிதும் விளக்குக்குத்தான். சுருளைக் கையாலேயே சுற்றிவிடலாம். பேசும்படத்தில் சுருள் நொடிக்கு 24 சட்டகம் என்ற மாறா வேகத்தில் ஓடவேண்டும். கொஞ்சம் தடுமாறினாலும் பாட்டின் சுருதி விலகும். ஆகவே மோட்டார் கட்டாயம். ஒலித்தடத்தைப் படிக்கும் விளக்கு, ஒளிமின்கலம், ஒலிபெருக்கி அனைத்துக்கும் சீரான மின்சாரம் வேண்டும். பாட்டைக் கேட்கவே கூட்டம் வந்த தமிழ்ச் சினிமாவுக்கு இது உயிர்நாடி. தமிழ்ப் பேசும்படம் சிற்றூர்வரை வேர்விட்டதற்குப் பாடல்களை மட்டும் காரணம் சொல்வது பாதிக் கதை. மறுபாதி பைகாராவும் மேட்டூரும்.

படம் எடுக்கும் பக்கம் நிலைமை வேறு. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் ‘கீசக வதம்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தது வெயில் வெளிச்சத்தில், மேலே வெள்ளைத் துணி கட்டி. காட்டும் அறைக்கு மின்சாரம் வந்த பிறகும் எடுக்கும் இடம் சூரியனை நம்பியிருந்தது.

மின்தடம் எட்டாத கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் தன் ஆயில் எஞ்சினோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. கொட்டகைக்குப் பின்னால் எஞ்சின் கிளம்பும் சத்தம்தான் பல ஊர்களில் ஆட்டம் தொடங்குவதற்கான அறிவிப்பு. 1905இல் வின்சென்ட் போன வழியின் நேர்த் தொடர்ச்சி அது. சென்னையின் தனியார் மின்நிறுவனத்தை 1947 ஆகஸ்டில் அரசு எடுத்துக்கொண்டது; 1957இல் மின்வாரியம் அமைந்தது. ஊர்ப்புற மின்மயம் பரவப் பரவ எஞ்சின்கள் ஓய்ந்தன. செனான் விளக்கு வந்து கார்பனை ஒழித்தது.

எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடத்தை 1915இல் அஞ்சல் துறை வாங்கியதால் அது அண்ணா சாலை என்று பெயர் மாறிய மவுண்ட் ரோட்டில் இன்றும் பிழைத்திருக்கிறது. கெயிட்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கட்டடம் போனாலும் காகிதம் இருக்கலாம். பழைய அரங்கு நடத்திய குடும்பங்களிடம் எஞ்சின் வாங்கிய ரசீது, மின்கட்டணப் புத்தகம், மின் ஆய்வாளர் சான்றிதழ், ஆபரேட்டர் உரிமம் போன்றவை இருந்தால், அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் காட்டுங்கள். இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தை அவற்றைக் கொண்டுதான் எழுதமுடியும்.