தத்ரீஸ்: பாலஸ்தீனத்தின் ஊசிவேலை

பாலஸ்தீனக் கிராமப் பெண்கள் ‘தோப்’ எனும் நீண்ட அங்கியில் குறுக்குத் தையலால் போடும் பூவேலைக்குத் தத்ரீஸ் என்று பெயர். தாயும் பாட்டியும் தைப்பதைப் பார்த்தே சிறுமிகள் கற்றார்கள்; கல்யாண உடையையும் தாங்களே தைத்தார்கள். சைப்ரஸ் மரம், நிலா, ‘பாஷாவின் கூடாரம்’ போன்ற உருக்களையும் நிறங்களையும் பார்த்தே அணிந்தவரின் ஊரை அன்று சொல்லிவிட முடிந்தது. பெத்லகேமின் பாணியோ தனி: பட்டு, சரிகைக் கயிறுகளைத் துணிமேல் வளைத்துப் படியவைத்துத் தைப்பது. 1930களில் பிரெஞ்சுப் பருத்தி நூலோடு அச்சிட்ட மாதிரிப் புத்தகங்களும் வந்து, ஐரோப்பியப் பூக்களைப் புகுத்தின.

1948 போரில் ஊரிழந்த பாலஸ்தீனர்களின் பாணிகள் அகதி முகாம்களில் ஒன்றோடொன்று கலந்தன. தையல் பிழைப்பாகவும் ஆயிற்று. இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சியான முதல் இன்திஃபாதாவின்போது, தடைசெய்யப்பட்ட பாலஸ்தீனக் கொடியின் நிறங்களைப் பெண்கள் அங்கியிலேயே தைத்துக்கொண்டார்கள். 2021இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.