குமிழி வந்த வழி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். குளிர்காலம் பிறந்ததும் அதைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் வீடுகள் முளைத்துவிடும். எல்லாம் சக்கரம் வைத்த வீடுகள், காருக்கும் பிக்கப் லாரிக்கும் பின்னால் இழுத்து வரப்பட்ட டிரெய்லர்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பொதுநிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மாதக்கணக்கில் தங்க அரசே அனுமதி தருகிறது. வெறும் கண்ணுக்கு அந்தச் சரளை நிலம் அடிவானம் வரை சமமாகத்தான் தெரியும். உண்மையில் அது மழைநாளில் மட்டும் ஓடும் வறண்ட ஓடைகளை நோக்கி எங்கும் சாய்ந்தே கிடக்கிறது. வந்து நிற்கும் டிரெய்லரின் முன்சுவரில் ஒட்டிய விரல் நீளக் குழாய்தான் அந்தச் சாய்வைக் காட்டிக்கொடுக்கிறது. குழாயில் மஞ்சள்பச்சைத் திரவம், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி. நம் ஊர்க் கொத்தனார் பையில் இருக்கும் ரசமட்டமேதான் அது.

இந்தக் குமிழி பிறந்தது பாரிஸில். மெல்கிசெடெக் தெவனோ என்ற செல்வர், நூல் சேகரிப்பவர், பயணக் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டவர். பிற்காலத்தில் பதினான்காம் லூயி மன்னரின் நூலகத்துக்குப் பொறுப்பேற்றவர். நீச்சலைப் பற்றிக்கூட ஒரு புத்தகம் எழுதிவைத்துப் போனார். 1661 பிப்ரவரிக்கு முன்பே அவர் இந்தக் கருவியைச் செய்துவிட்டார் என்பது டச்சு அறிஞர் ஹைகன்ஸுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்திலிருந்து தெரிகிறது. லண்டனில் ராபர்ட் ஹூக்குக்கும் இத்தாலியில் விவியானிக்கும் அவர் அதைப் பற்றித் தெரிவித்தார். அதுவரை மட்டம் பார்க்கத் தூக்குக்குண்டு இருந்தது, தண்ணீர் நிரப்பிய தொட்டி இருந்தது. குண்டு காற்றில் ஆடும், தொட்டி தளும்பும். தெவனோ தண்ணீருக்குப் பதில் சாராயத்தைக் குழாயில் ஊற்றி, கொஞ்சம் காற்றை விட்டு, வாயை மூடிவிட்டார். சாராயம் குளிரில் உறையாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு குமிழியைத் தடுக்கவும் செய்யாது.

அந்தக் குழாய் நேரானது அல்ல. முழுக்க நேராக இருந்தால், மயிரிழை சாய்ந்தாலும் குமிழி கோடிக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு சாய்ந்தது என்று சொல்லாது. அதனால் குழாயின் உட்புறம் நடுவில் சற்றே மேடாக வளைந்திருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் கருவி செய்தவர்கள் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து அந்த வளைவைக் கொண்டுவந்தார்கள். குமிழியின் குணம் முழுவதும் இந்த வளைவில்தான் இருக்கிறது. நில அளவைக் கருவியின் குழாய் சுமார் 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அதைக் கொண்டுபோய் டிரெய்லரில் ஒட்டினால் ஒரு டிகிரி சாய்வுக்குக் குமிழி 35 சென்டிமீட்டர் நகரப் பார்க்கும், ஆகவே எப்போதும் ஒரு கோடியில்தான் கிடக்கும். டிரெய்லருக்கு நன்றாக வளைந்த குழாய் வேண்டும். ஆரம் 30 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு டிகிரிக்கு 5 மில்லிமீட்டர் நகரும். பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கும் அது போதும்.

முதல் இருநூறு ஆண்டுகளில் குமிழி பெரும்பாலும் வானத்தையும் தொலைநிலத்தையும் பார்ப்பவர்களிடமே வேலை செய்தது. தொலைநோக்கியின் மேலும் கோணம் அளக்கும் தியோடலைட்டின் மேலும் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. சென்னைக்கும் அப்படித்தான் வந்தது. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கினார். அதற்காக லண்டனில் செய்த தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீஷியஸ் வரை போய், பிறகே சென்னை வந்து சேர்ந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு கைவிட, சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் தானே உட்கார்ந்து வாரக்கணக்கில் நெளிவெடுத்தார். அவ்வளவு பெரிய கருவியும் ஒவ்வொரு இடத்திலும் கோணம் அளப்பதற்கு முன் குமிழி நடுவுக்கு வரும்வரை காத்திருந்தாக வேண்டும். நெளிந்த வட்டத்தை நிமிர்த்தியது பெரிய வேலைதான். ஆனால் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் மட்டம் பார்த்த பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பின்னாளில் டிரெய்லர்காரர்களுக்கும் அதே வேலை வந்து சேர்ந்தது.

பிறகு குமிழி தச்சர் கைக்கும் கொத்தனார் கைக்கும் இறங்கியது. அந்தக் கதை எல்லோரும் அறிந்தது. வீடு கட்டும்போது ஒருமுறை மட்டம் பார்ப்பார்கள், குளியலறையில் தண்ணீர் ஓட வாட்டம் விடுவார்கள், அதோடு குமிழியின் வேலை முடிந்தது. வீட்டுக்காரர் அதன் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

சக்கரம் வைத்த வீட்டில் இது தலைகீழாகிறது. அங்கே குடியிருப்பவரே கொத்தனார், அதுவும் தங்குமிடம் மாறும் ஒவ்வொரு முறையும்.

1930களில் கலிபோர்னியாவில் டிரெய்லர்கள் விமானம்போல அலுமினியத் தகட்டில் உருவாயின. 1934இல் ஹாலி போலஸின் ரோட் சீஃப், 1936இல் வாலி பயமின் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர். தொடக்கத்தில் உள்ளே ஐஸ் கட்டி வைக்கும் பெட்டிதான். ஐஸ் பெட்டி எப்படிச் சாய்ந்தாலும் கவலையில்லை. மட்டத்தைக் கட்டாயமாக்கியது பின்னால் வந்து சேர்ந்த கேஸ் குளிர்பெட்டி.

அந்தக் குளிர்பெட்டியின் கதை ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. 1922இல் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் மோட்டாரே இல்லாமல் குளிரூட்டும் பெட்டியை வடிவமைத்தார்கள். எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடியில் ஒரு சிறு தீ. அது அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கும். ஒல்லிக் குழாயில் குமிழிகள் கிளம்பி, நீரைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். பிரிந்த அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மறுபடி தண்ணீர் அதை உறிஞ்சி, தானாக வழிந்து அடுப்பருகே திரும்பும். பம்பு கிடையாது. ஏற்றுவது குமிழி, இறக்குவது புவியீர்ப்பு. கரண்ட் இல்லாத காட்டிலும் சிலிண்டர் கேஸை வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கும் என்றால், இந்த அமைதியான சுற்றால்தான்.

வண்டி நெடுநேரம் சாய்ந்து நின்றால் இந்தச் சுற்று நின்றுபோகிறது. வழிய வேண்டிய திரவம் ஒரு மூலையில் தேங்கும்; தீக்கு மேலே இருக்கும் குழாய் வறண்டு காயும். குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் படிந்து ஒல்லிக் குழாயை அடைத்துவிடும். அடைத்தால் அடைத்ததுதான், பிறகு பெட்டியை மட்டப்படுத்தியும் பயனில்லை. சாலையில் ஓடும்போது இந்தப் பயம் இல்லை, குலுக்கலில் திரவம் எங்கும் தேங்கி நிற்பதில்லை. ஆபத்து நின்ற இடத்தில்தான். பெட்டியை நேருக்கு நேர் பார்த்தால் இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி, அதற்கு மேல் சாயக்கூடாது என்று பல கையேடுகள் சொல்கின்றன. பெட்டி பெரும்பாலும் டிரெய்லரின் பக்கச் சுவரில் முதுகு வைத்து நிற்பதால், அதன் இடவலம் என்பது வண்டியின் நீளவாக்கு. அச்சிலிருந்து முன்முனை 15 அடி என்றால், அங்கே ஒன்பது அங்குலம் தாழ்ந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். இதைக் கவனிக்காமல் பக்கவாட்டை மட்டும் சரிபார்த்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் உண்டு.

ஆனாலும் பக்கவாட்டில்தான் தொடங்க வேண்டும். டிரெய்லர் லாரியோடு பூட்டியிருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும். குமிழி எப்போதும் உயர்ந்த பக்கம் ஓடும். கட்டை வைக்க வேண்டியது எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஏழடி இருந்தால் ஒரு டிகிரிக்கு ஒன்றரை அங்குலம் தூக்க வேண்டும். ஒருவர் கீழே நின்று கை காட்டுவார், ஓட்டுபவர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் இருந்தால் இரண்டுமே கட்டை மேல் ஏற வேண்டும், ஒன்று அந்தரத்தில் தொங்கக்கூடாது. டயரின் முழு அகலமும் கட்டையில் உட்கார வேண்டும். மரப்பலகையும் போதும், இப்போது ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளும் வளைவான ஏற்றுக்கட்டைகளும் வந்துவிட்டன. வளைவுக் கட்டையில் எத்தனை தூரம் ஏறுகிறோமோ அத்தனை உயரம். குமிழி நடுவுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்.

அடுத்தது முட்டுக்கட்டை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்காமல் லாரியிலிருந்து கழற்றக் கூடாது. கழற்றிய நொடியில் டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது, முன்ஜாக்கியின் ஒற்றைக் காலில்தான் அது நிற்கிறது. கழற்றிய பின் அந்த ஜாக்கியைச் சுற்றி முன்பக்கத்தை ஏற்றியோ இறக்கியோ நீளவாக்குக் குமிழியைச் சரிசெய்யலாம். கடைசியாகத்தான் நான்கு மூலை ஜாக்கிகள். அவை உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமல் தாங்க வந்தவை, வண்டியைத் தூக்க வந்தவை அல்ல. தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு மூட மறுக்கும்.

இப்போது புதிய டிரெய்லர்கள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி வருகிறது; சற்றே சாய்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். அதனால் மட்டம் பார்க்கும் பழக்கம் போய்விடவில்லை. குளியல் தட்டின் தண்ணீர் வடிகால் பக்கமே வர வேண்டும், தலை தாழ்ந்த படுக்கையில் தூக்கம் வராது, திறந்துவிட்ட கதவு தானாக ஆடி மூடும், கழிவுநீர்த் தொட்டியின் அளவுகாட்டி பொய் சொல்லும்.

குமிழிக்குப் போட்டியாகச் சிலிக்கன் சில்லும் வந்துவிட்டது. 1990களில் காரின் காற்றுப்பைகளுக்காக வளர்ந்த நுண் உணர்விகளின் வழியில் வந்தது அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கன் துணுக்கு புவியீர்ப்பில் எத்தனை நகர்கிறது என்று மின்கொள்ளளவால் அளந்து, எந்தச் சக்கரத்துக்கு எத்தனை அங்குலம் என்று போனில் சொல்லிவிடுகிறது. ஓட்டுபவர் இறங்க வேண்டியதில்லை, இருட்டிலும் மழையிலும் அது பெரிய உதவி. ஆனால் அதை வண்டியில் பொருத்தும் முதல் நாளில் எது பூஜ்யம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு டிரெய்லரின் தரையிலோ குளிர்பெட்டியின் உள்தட்டிலோ ரசமட்டத்தை வைத்து, கட்டையும் ஜாக்கியும் கொண்டு வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகே போனில் பொத்தானை அழுத்துகிறார்கள்.