குலேரி, சந்திரதர் சர்மா

(1883–1922) இந்தி எழுத்தாளர், சமஸ்கிருத அறிஞர். ஜெய்ப்பூரில் பிறந்தார், பூர்வீகம் காங்க்ராவின் குலேர். ஜந்தர் மந்தர் வானாய்வகம் பற்றிய 1902ஆம் ஆண்டு நூலின் இணையாசிரியர். அஜ்மீர் மேயோ கல்லூரியில் கற்பித்தார். சில கதைகளே எழுதினார். அழியாப் புகழ் தந்தது 1915இல் ‘சரஸ்வதி’ இதழில் வந்த ‘உஸ்னே கஹா தா’.

இக்கதையில், முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் சீக்கிய ஜமாதார் லஹனா சிங் தன் கம்பளியையும் கம்பளிச்சட்டையையும் காய்ச்சலில் நடுங்கும் போதா சிங்குக்குக் கொடுத்துவிட்டுக் குளிரில் காவல் நிற்கிறான். சண்டையில் விலாவில் பாய்ந்த குண்டுக் காயத்தை இறுகக் கட்டி மறைத்து, அவனையும் காயம்பட்ட அவன் தந்தை சுபேதாரையும் மருத்துவ வண்டியில் ஏற்றி அனுப்புகிறான். போதாவின் தாய், சிறுவயதில் அமிர்தசரஸ் கடைத்தெருவில் லஹனாவோடு பழகியவள், இருவரையும் காக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தாள். சாகும் தறுவாயில் நினைவுகள் முன்பின்னாகப் புரளும் பகுதி அந்தக் காலத்துக்கு வியப்பூட்டும் உத்தி. தமிழில் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ வெளிவந்ததும் அதே 1915இல்தான். ‘உஸ்னே கஹா தா’ 1960இல் பிமல் ராய் தயாரிப்பில் திரைப்படமானது.